கத்தோலிக்கர்களுக்காகப் பேசுவது யார்? 'ஹெரால்ட்' வழக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்

கத்தோலிக்கத் தமிழில் 'ஆயர்' என்றால் பிஷப். மலாயில் 'ஆயர்' என்றால் தண்ணீர். அதனால் ஆயர் குரோ என்கிற பெயரைக் கேட்டு, அங்கே ஏதோ ஒரு பிஷப் இருந்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். 'கலங்கிய தண்ணீர்' என்பதுதான் ஊர்ப் பெயரின் அர்த்தம். மலாக்கா-ஜொகூர் ஆயரின் கதீட்ரல்கூட மலாக்காவில் இல்லை, ஜொகூர் பாருவில்தான் இருக்கிறது.

ஆனாலும் இந்த விஷயத்துக்கும் ஆயர் குரோவுக்கும் தொடர்பு உண்டு. மலாக்கா சட்டமன்றம் கூடுவது அங்கேதான். மாநில நீதிமன்ற வளாகமும் அந்தப் பக்கம்தான். 1988-ஆம் ஆண்டில் மலாக்கா ஒரு மாநிலச் சட்டம் கொண்டுவந்தது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. இதே மாதிரிச் சட்டம் சிலாங்கூர், பேராக், கெடா என்று பல மாநிலங்களில் இருக்கிறது. சில சொற்களை முஸ்லிம் அல்லாதவர்கள் தங்கள் மதம் பற்றிப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தச் சட்டங்கள் சொல்கின்றன. நாட்டின் அரசியலமைப்பில் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் மத சுதந்திரம் தருகிறது. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, இப்படிப்பட்ட கட்டுப்பாட்டுச் சட்டங்களை மாநிலங்கள் போடலாம் என்றும் அனுமதிக்கிறது. இரண்டும் ஒரே பிரிவுக்குள் இருப்பதுதான் பல வழக்குகளுக்கு ஆரம்பம்.

சரி, அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. "இந்தச் சொல்லை இனிமேல் போடாதீங்க" என்று சொல்கிறது. கத்தோலிக்கர்கள் சார்பாக அதற்கு யார் பதில் எழுதுவார்? யார் கோர்ட்டுக்குப் போவார்? தோற்றால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ஒரு மாதிரி

அமெரிக்காவில் 'கத்தோலிக் லீக்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 1973-இல் விர்ஜில் பிளம் என்ற இயேசு சபைக் குருவானவர் ஆரம்பித்தது. பிறகு தலைமை பொதுநிலையினர் கைக்குப் போனது. 1993-இலிருந்து அதன் முகம் பில் டொனஹியூ என்ற ஒரே ஆள். குருவானவர் இல்லை, பிஷப்பும் இல்லை, சமூகவியல் படித்தவர். டிவியில் வந்து சண்டை போடுவார், அறிக்கை விடுவார், படத்துக்கும் கார்ட்டூனுக்கும் எதிர்ப்புத் தெரிவிப்பார். நன்கொடையில் ஓடுகிற தனியார் அமைப்பு. பிஷப்புகள் சொல்லித்தான் அவர் பேச வேண்டும் என்பதில்லை. அவர் பேசியதற்குப் பிஷப்புகள் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. அவரைப் பிடிக்காத கத்தோலிக்கர்களும் அங்கே நிறைய. "நாங்க உங்களைத் தேர்ந்தெடுக்கலையே" என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

மலேசியாவில் இப்படி ஓர் அமைப்பு வளரவில்லை. இங்கே அந்த வேலை ஆயர்கள் தலையில்தான் விழுகிறது.

இங்கே ஏணி எப்படி இருக்கிறது?

மலேசியாவில் கத்தோலிக்க மறைமாவட்டங்கள் 9. தீபகற்பத்தில் கோலாலம்பூர், பினாங்கு, மலாக்கா-ஜொகூர் என்று 3. மீதி 6 சபா, சரவாக்கில். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயர், பெரியவற்றுக்குப் பேராயர். அவர்களைத் தேர்ந்தெடுப்பது ஓட்டுப் போட்டு அல்ல, போப்பாண்டவர் நியமிக்கிறார். 75 வயதானால் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆக, ஒரே ஆள் முப்பது வருஷம் டிவியில் உட்காருகிற கதை இங்கே நடக்காது.

அதற்கு மேல் மலேசியக் கத்தோலிக்க ஆயர் பேரவை. அதற்கும் மேல் 1985-இல் உருவான மலேசியக் கிறிஸ்துவ சம்மேளனம். கத்தோலிக்கர்கள், ஆங்கிலிகன், மெதடிஸ்ட், லுத்தரன், சுவிசேஷ சபைகள் எல்லாம் இதில் சேருகின்றன. அதையும் தாண்டி, 1983-இல் தொடங்கிய பல சமய ஆலோசனை மன்றம். பௌத்தம், கிறிஸ்துவம், இந்து சமயம், சீக்கியம், தாவோயிசம் ஐந்தும் அதில் உட்கார்ந்திருக்கின்றன. மலேசிய இந்து சங்கத்தின் தலைவராக இருந்த டத்தோ அ. வைத்திலிங்கம் அந்த மன்றத்துக்கும் தலைவராக இருந்திருக்கிறார். அதாவது ஒரு சர்ச் விவகாரத்தில் வெளிவரும் அறிக்கையில், ஓர் இந்துத் தலைவரின் கையெழுத்தைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஏணியில் மேலே போகப் போக ஆள் பலம் கூடும். ஆனால் எல்லாரும் ஒத்துக்கொள்கிற மாதிரி எழுத வேண்டியிருப்பதால் வாசகங்கள் மழுங்கிப் போகும். இது என் கணிப்பு. அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

நாலு மொழி, ஒரே பெர்மிட்

'ஹெரால்ட்' என்பது கோலாலம்பூர் மறைமாவட்டம் வெளியிடும் வாராந்திரப் பத்திரிகை. 1990-களின் நடுவில் வந்தது. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என்று நான்கு மொழிப் பக்கங்கள். வழக்கு நடந்த காலத்தில் சுமார் 14,000 பிரதிகள் அச்சானது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் வாங்கிப் போவார்களே, அந்த மாதிரிப் பத்திரிகை. ரோட்டோரக் கடையில் தொங்குகிற பேப்பர் இல்லை.

மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல் வந்தது. சபா, சரவாக் கிறிஸ்துவர்கள் தலைமுறை தலைமுறையாக மலாயிலும் தங்கள் சொந்த மொழிகளிலும் ஜெபிக்கும்போது சொல்லிவந்த சொல் அது. 1629-லேயே மத்தேயு நற்செய்தி மலாயில் அச்சாகியிருக்கிறது என்றால் பாருங்கள், மலாய்க் கிறிஸ்துவ எழுத்துக்கு எவ்வளவு வயது என்று. இன்னொரு பக்கம், 1986 டிசம்பரில் உள்துறை அமைச்சு ஒரு உத்தரவு போட்டிருந்தது. அல்லாஹ், கஅபா, பைத்துல்லா, சொலாட் ஆகிய நான்கு சொற்கள் முஸ்லிம் அல்லாதவர்களின் வெளியீடுகளில் வரக்கூடாது என்பது அது. முஸ்லிம்களுக்குக் குழப்பம் வரும், பொது ஒழுங்கு கெடும் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அப்போது பத்திரிகைகள் ஒவ்வொரு வருஷமும் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும். (2012-இல்தான் அந்த வருடாந்தரப் புதுப்பிப்பு எடுக்கப்பட்டது.) 2007 கடைசியில் பிரச்சினை முற்றியது. 2009 ஜனவரியில் வந்த அமைச்சின் கடிதம் இரண்டு நிபந்தனை போட்டது: அந்தச் சொல்லைப் போடக்கூடாது, முதல் பக்கத்தில் 'தெர்ஹாட்', அதாவது 'வரையறுக்கப்பட்டது', என்று அச்சிட வேண்டும்.

இங்கே நம்ம வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் 'இறைவன்', 'ஆண்டவர்', 'கடவுள்' என்றுதான் இருந்தது. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பெர்மிட் ஒன்றுதான். மலாய்ப் பக்கத்துக்காக அது போனால், தோட்டத்துப் பாட்டி படிக்கிற தமிழ்ப் பக்கமும் சேர்ந்து போயிருக்கும். "மலாய்ப் பக்கத்தை மட்டும் விட்டுட்டு மத்த மூணையும் காப்பாத்திக்கலாம்" என்று தலைமை நினைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

வழக்குப் போட்டது மனிதரா, நாற்காலியா?

அப்போது கோலாலம்பூர் பேராயர் மர்ஃபி பாக்கியம். பேராக்கில் பிறந்த, இந்திய வம்சாவளியினர். 2003-இலிருந்து பேராயர். பத்திரிகையின் வெளியீட்டாளர் என்ற முறையில் பெர்மிட் அவர் பொறுப்பில் இருந்தது. 2009 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. ஆனால் வழக்கின் தலைப்பில் 'மர்ஃபி பாக்கியம்' என்று தேடினால் கிடைக்காது. 'கோலாலம்பூர் ரோமன் கத்தோலிக்கப் பேராயர், எதிர் உள்துறை அமைச்சர்' என்றுதான் இருக்கும்.

இது வெறும் மரியாதைப் பெயர் இல்லை. 1957-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, கத்தோலிக்க ஆயர் பதவியே சட்டத்தின் கண்ணில் ஒரு 'ஆள்'. நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம். உட்கார்ந்திருப்பவர் மாறினாலும் அந்த 'ஆள்' சாவதில்லை. சர்ச் நிலப் பட்டாக்களில்கூட இதே மாதிரிப் பதவிப் பெயர்தான் இருக்கும்.

இதன் பலன் பின்னால் தெரிந்தது. 2013 டிசம்பரில் மர்ஃபி பாக்கியம் ஓய்வு பெற்றார். அடுத்தவரான ஜூலியன் லியோவின் பெயர் 2014 ஜூலை 3-ஆம் தேதிதான் அறிவிக்கப்பட்டது. கூட்டரசு நீதிமன்றத்தின் முக்கியமான முடிவு வந்தது 2014 ஜூன் 23. அன்றைக்கு அந்த நாற்காலியில் ஆளே இல்லை! ஆனாலும் வழக்கு நின்றுவிடவில்லை. ஒரு தனி மனிதரைச் சுற்றி நடக்கிற இயக்கத்தில் இது நடக்குமா என்று யோசியுங்கள்.

ஜெயித்தது ஒரு தடவை, தோற்றது மூன்று தடவை

2009 டிசம்பர் 31. புத்தாண்டுக்கு முதல் நாள். உயர் நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான், தடை செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஹெரால்ட் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஜனவரி 6-ஆம் தேதி தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது, திருச்சபையும் அதற்கு ஒத்துக்கொண்டது. 8-ஆம் தேதி விடியற்காலையில் கோலாலம்பூர் டேசா மெலாவாத்தியில் மெட்ரோ தபர்னக்கல் என்ற சர்ச் எரிக்கப்பட்டது. அது கத்தோலிக்க சர்ச்சே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு பல சர்ச்சுகள் மீதும் தாக்குதல். மலாக்காவில் டுரியான் டாவுனில் உள்ள பாப்டிஸ்ட் சர்ச் சுவரில் கறுப்புப் பெயின்ட் ஊற்றினார்கள். செந்தூலில் சீக்கியர்களின் குருத்வாரா மீது கல் விழுந்தது. சூராவ், மசூதிகளும் தப்பவில்லை. ஹெரால்டின் வழக்கறிஞர்களுடைய அலுவலகம் உடைக்கப்பட்டது.

ஒரு தலைவர் எடுக்கிற முடிவின் விலை இதுதான். வழக்குப் போட்டது கத்தோலிக்கப் பேராயர், எரிந்தது வேறொரு சபையின் கட்டடம். தீ வைத்தவர்கள் செய்ததற்குப் பேராயர் பொறுப்பல்ல என்பது உண்மை. ஆனால் இப்படி ஒன்று நடந்த பிறகு "மேற்கொண்டு போகலாமா?" என்று தினமும் யோசிக்க வேண்டியவர் அவர்தான்.

2013 அக்டோபர் 14-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசாங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தச் சொல் கிறிஸ்துவ நம்பிக்கையின் பிரிக்க முடியாத அம்சம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு மதத்துக்கு எது அவசியம் என்பதை அந்த மதத்தினர் சொல்ல வேண்டுமா, நீதிபதி சொல்ல வேண்டுமா என்ற கேள்வி அன்றிலிருந்து அடங்கவில்லை. பிறகு கூட்டரசு நீதிமன்றம். ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் மறுத்தார்கள், மூன்று பேர் வழக்கைக் கேட்கலாம் என்றார்கள். அதாவது மேல்முறையீட்டுக்கு அனுமதியே கிடைக்கவில்லை. ஒரு ஓட்டு வித்தியாசம். 2015 ஜனவரி 21-இல் மறுபரிசீலனை மனுவும் தள்ளுபடி.

இந்தத் தீர்ப்பு ஹெரால்ட் பத்திரிகைக்கு மட்டும்தான், சர்ச்சுக்குள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 2014-இல் பிரதமர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. இந்த விளக்கம் ஓர் அறிக்கைதான், சட்டம் அல்ல.

எடிட்டர் பேசினார், போலீஸ் கூப்பிட்டது

இந்தக் கதையில் பேராயரைவிட அதிகமாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய பெயர் ஃபாதர் லாரன்ஸ் அண்ட்ரூ. ஹெரால்டின் ஆசிரியர், இயேசு சபைக் குரு. பேராயர் அளந்து பேசுவார். பத்திரிகையாளர்களின் போனை எடுத்தது பெரும்பாலும் இவர்தான்.

2013 கடைசியில், சிலாங்கூர் சர்ச்சுகளில் மலாய்ப் பூசையில் அந்தச் சொல் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்று அவர் சொன்னார். எதிர்ப்புக் கிளம்பியது. 2014 ஜனவரி 2-இல் சிலாங்கூர் இஸ்லாமிய சமய இலாகா, பைபிள் சொசைட்டி அலுவலகத்துக்குள் நுழைந்து மலாய், இபான் மொழிகளில் இருந்த 321 பைபிள்களை எடுத்துப்போனது. ஃபாதர் மீது தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை. பிறகு மேல்நடவடிக்கை இல்லை என்று முடிந்தது. அதே வாரத்தில் கிள்ளானில் ஆர்ப்பாட்டம் நடக்கலாம் என்ற பயம் இருந்த ஞாயிற்றுக்கிழமை, முஸ்லிம் நண்பர்கள் சிலர் பூக்களோடு சர்ச் வாசலில் வந்து நின்றார்கள். மரினா மகாதீரும் அவர்களில் ஒருவர்.

ஒரே அமைப்பில் இரண்டு குரல் இருப்பது நல்லதா? எனக்குத் தோன்றுவது இதுதான். எடிட்டர் வேகமாகப் பேசினால்தான் செய்தி வரும். ஆனால் அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அது 9 மறைமாவட்டத்தின் முடிவு மாதிரி மறுநாள் தலைப்பாகிவிடும். அந்த வாக்கியத்துக்கான பதில், கிள்ளானில் பூசைக்கு வருகிற சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்குத்தான் போகும்.

கோர்ட்டுக்குப் போகாத இன்னொரு விவகாரம்

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது, பலருக்கு ஞாபகம் இருக்காது. 2009-இல் 'அல் இஸ்லாம்' என்ற மாத இதழின் ஆட்கள் ரகசியமாகப் பூசைக்குப் போய், நற்கருணை அப்பத்தை வாங்கி, வாயிலிருந்து எடுத்துப் படம் பிடித்துப் போட்டார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது வெறும் அப்பம் அல்ல, இயேசுவின் உடல். கோயிலில் மூலஸ்தானத்துக்குள் செருப்போடு போன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகார் கொடுக்கப்பட்டது. வழக்குத் தொடரப் போவதில்லை என்று 2010 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் சொன்னது. பேராயர் பாக்கியம் தண்டனை கேட்டுப் போராடவில்லை. இதழ் மன்னிப்புக் கேட்டது, அவர் ஏற்றுக்கொண்டார். பெர்மிட்டுக்காக ஆறு வருஷம் வழக்கு, அவமதிப்புக்கு ஒரு மன்னிப்பு போதும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தலைமையின் குணம் தெரிகிறது.

இதில் தமிழருக்கு என்ன?

மர்ஃபி பாக்கியம், லாரன்ஸ் அண்ட்ரூ. அவர்களுக்கு முன்னால் 1983 முதல் 2003 வரை பேராயராக இருந்து, 2016-இல் மலேசியாவின் முதல் கார்டினலான அந்தோணி சோத்தர் ஃபெர்னாண்டஸ். 2023-இல் கார்டினலான பினாங்கு ஆயர் செபஸ்தியான் பிரான்சிஸ், அவர் ஜொகூர் பாருவில் பிறந்து மலாக்கா-ஜொகூர் மறைமாவட்டத்துக் குருவாக இருந்தவர். 2015-இலிருந்து மலாக்கா-ஜொகூரின் ஆயராகப் பொறுப்பேற்ற பெர்னார்ட் பால். எல்லாரும் இந்திய வம்சாவளி. ஆனால் பாக்கியமும் அண்ட்ரூவும் கோர்ட்டில் காப்பாற்றப் பார்த்தது ஒரு தமிழ்ச் சொல்லை அல்ல. இபான், கடசான் வீடுகளில் மலாயில் ஜெபிக்கிறவர்களின் சொல்லை.

தமிழர்களின் மத சுதந்திர வழக்குகள் வேறு முகம் கொண்டவை. எவரெஸ்ட் ஏறச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறிவிட்டார் என்று சொல்லி முஸ்லிம் முறையில் அடக்கம் செய்தார்கள், மனைவி எதிர்த்தும் பலனில்லை. ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளையை மதம் மாற்ற இரு பெற்றோரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அங்கே வழக்காளி ஒரு பதவி அல்ல, ஒரு தாய். பின்னால் சட்டப்பூர்வ நாற்காலி எதுவும் இல்லை. கோயில்களுக்கு ஆயர் மாதிரி ஒரே தலைமை கிடையாது என்பது நமக்கு வசதியாகவும் இருந்திருக்கிறது, கஷ்டமாகவும் இருந்திருக்கிறது.

தலைவரே இல்லாத ஒரு வெற்றி

கடைசியில் அந்த 1986 உத்தரவை வீழ்த்தியது எந்தத் தலைவரும் அல்ல. ஜில் ஐர்லண்ட் என்ற சரவாக் மெலானாவ் பெண். கத்தோலிக்கரும் இல்லை. 2008 மே மாதம் சிப்பாங் விமான நிலையத்தில் அவரிடமிருந்து 8 சிடிக்களைப் பறிமுதல் செய்தார்கள், தலைப்பில் அந்தச் சொல் இருந்ததால். 2014-இல் சிடிக்களைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு. ஆனால் அடிப்படைக் கேள்விக்குப் பதில் கிடைக்க 2021 மார்ச் 10 வரை காத்திருந்தார். 1986 உத்தரவு சட்டவிரோதமானது, அரசியலமைப்புக்கு எதிரானது என்று நீதிபதி நோர் பீ அரிஃபின் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேல்முறையீடு செய்து, 2023-இல் அதை வாபஸ் வாங்கியது.

பதவியைக் கட்சிக்காரராக வைத்த வழக்கு தோற்றது, எட்டு சிடிக்குச் சொந்தக்காரி ஜெயித்தார். ஹெரால்ட் வழக்கில் கேள்வி, ஒரு பத்திரிகையின் பெர்மிட்டுக்கு அமைச்சர் நிபந்தனை போடலாமா என்பது. ஜில் வழக்கில் கேள்வி, வீட்டில் கேட்கிற ஜெப சிடியை அரசு எடுக்கலாமா என்பது. பொது ஒழுங்கு என்ற வாதம் முதலாவதில் எடுபட்டது, இரண்டாவதில் எடுபடவில்லை.

மலாக்காவில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 தீர்ப்பு உள்துறை அமைச்சின் உத்தரவைப் பற்றியது. மாநிலச் சட்டங்களை அது தொடவில்லை. மலாக்காவின் 1988 சட்டமும் அதில் அடக்கம்.